செல்லோ உறுமினப்போ

இன்னிக்கு மத்தியானம் மரக்காணத்துல, ஒரு காலி உப்பு குடோன்ல எங்க ராக் பேண்டுக்கு ப்ராக்டீஸ். ரெண்டு வயலின், பெரிய வயலின் மாதிரி அடிக்குரல்ல பேசற ஒரு செல்லோ, டிரம்ஸ்.

புதுப் பாட்டு ஜோசப்போட செல்லோவுல தொடங்குது. உறுமுற மாதிரி ஒரே சுரம், சத்தம் மட்டும் மெல்ல மெல்ல ஏறும். ஸ்பீக்கர்ல சத்தத்தைக் கூட்டி வெச்சிருந்தோம்.

வாசல்ல பார்த்தா, உப்பளத்துப் பொம்பளைங்க கூடையைப் போட்டுட்டு ரோட்டைப் பார்த்து ஓடறாங்க.

ஓடிப்போய் ஒருத்தங்களை நிறுத்தினேன். "என்னாச்சுக்கா?"

"கடல் வருதுப்பா! சத்தம் கேக்கல?"

உள்ளே ஜோசப் நிறுத்தினான். சத்தமும் நின்னுச்சு.

"அக்கா, அது எங்க வாத்தியம்."

மூச்சு வாங்க என்னையே பார்த்தாங்க. "சுனாமி அன்னிக்கும் இப்படித்தான் உறுமுச்சு. இதை இங்க வாசிக்காதீங்கப்பா. பழகிட்டா, நிஜமா வர்றப்ப யாரும் ஓட மாட்டோம்."

பாட்டோட தொடக்கத்தை எடுத்துட்டோம். அந்த இடத்துல என்ன வைக்கலாம்? யாரையும் ஓட வைக்காததா சொல்லுங்க.