கொடிக்காலுக்கு வெளியே கிடக்கும் செருப்பு

என் மனைவி லேப்டாப்பில் விளையாடத் தொடங்கியபோது அவளுக்கு அறுபது தாண்டியிருந்தது. நான் வருவாய்த்துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். எதற்கு எந்த விண்ணப்பம், என்னென்ன இணைப்பு, யார் கையொப்பம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்பதில்லை என்பதுதான் ஓய்வு. அவள் கணக்கு டீச்சராக இருந்தவள். விளாங்குடி வீட்டில் எங்கள் இருவருக்கும் மதியப் பொழுது மிக நீளமாக இருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், தன் பழைய லேப்டாப்பில் அந்த விளையாட்டை ஏற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஐரோப்பாவில் அரசர்கள் ஆண்ட காலம். கையில் ஒன்றுமில்லாத ஒருத்தி காட்டோரம் வந்து நிற்கிறாள். அவள் மரம் வெட்டிக் குடிசை போட வேண்டும், உழ வேண்டும், பசித்தால் தின்ன வேண்டும், குளிர்காலத்துக்கு விறகு சேர்க்க வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான். எதிரி கிடையாது. கொல்வதற்கு ஆள் இல்லாத விளையாட்டை எதற்குக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று கேட்டேன்.

“நீங்க அம்புட்டு வருசம் ஆபீஸ் போனீங்களே, அங்க யாரைக் கொன்னீங்க?” என்றாள்.

அவள் ஆற்றங்கரையில் குடிசை போட்டாள். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை.

“இது நீர்நிலைப் புறம்போக்கு. எந்த சர்வே நம்பர்ல கட்டுறே?”

“ராசா காலத்துல சர்வே நம்பர் ஏதுங்க? நீங்க ரிட்டயர்டு ஆயிட்டீங்க. அதை யாராச்சும் உங்ககிட்ட சொன்னாங்களா இல்லையா?”

விளையாட்டோடு ஓர் உதவிப் பக்கம் உண்டு. நான் அதை முழுவதும் படித்தேன். அவள் ஒரு வரி படிக்கவில்லை. படித்துவிட்டு விளையாட இது என்ன டிபார்ட்மென்ட் எக்ஸாமா என்றாள். அந்த ஊரில் விளையும் பயிர்களில், கம்பு நட்டு ஏற்றிவிடும் கொடி ஒன்று இருந்தது. பீர் காய்ச்சப் பயன்படுவதாம். அவளுக்கு அது தேவையில்லை. கோதுமை விதைக்க வேண்டிய நிலம் முழுவதும் அந்தக் கொடியை நட்டாள், வரிசை பிடித்து, நடுவே ஆள் நடக்க இடம் விட்டு. பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. அவள் சோழவந்தான்காரி. அவளுடைய அப்பா வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்கு இருந்தவர். பள்ளிக்கூடம் போகுமுன் அவளும் வெற்றிலை கிள்ளியிருக்கிறாள். அதில் ஒரு கொடிகூட அவர்களுடையது இல்லை. ஐரோப்பிய அரசர் ஒருவரின் தயவில்தான் அவளுக்குச் சொந்தமாகக் கொடிக்கால் அமைந்தது.

கோயில் மாதிரி, கொடிக்காலுக்குள் செருப்புக் காலோடு போகக் கூடாது. முதலாளியானாலும் வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சோழவந்தானில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அவளும் திரையில் அந்தப் பெண்ணைத் தோட்டத்து ஓரம் நிறுத்தி, பையைத் திறந்து, தோல் பூட்ஸைக் கழற்றி, அங்கிருந்த மரப்பெட்டியில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே நடத்திக்கொண்டு போவாள். வேலை முடிந்து வெளியே வந்ததும் மாட்டிவிடுவாள். இதற்கு விளையாட்டில் பலன் எதுவும் கிடையாது. கால் குளிர்ந்தால் உடம்பின் சூடு குறையும், நஷ்டம்தான். உதவிப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன்.

“வெறுங்காலா நடந்தா வெப்பம் குறையும்னு போட்டிருக்கான் பாரு.”

“அவனுக்கு என்ன தெரியும், அவன் வெத்தலை கிள்ளியிருக்கானா?”

சென்ற ஐப்பசியில் ஒரு மதியம் விளையாடிக்கொண்டிருந்தவள், மூச்சு வாங்குகிறது என்றாள். விளையாட்டைச் சேமித்துவிட்டுத்தான் எழுந்தாள். காரில் ஏற்றிக்கொண்டு போனேன். காளவாசல் சிக்னலில் வண்டிகள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. எனக்கு முன்னால் ஒரு டவுன் பஸ், பக்கத்தில் வாழைத்தார் ஏற்றிய வண்டி. அவள் கண்ணாடியில் தலை சாய்த்திருந்தாள்.

“அவ கொடிக்காலுக்குள்ளயே நிக்கிறா,” என்றாள்.

“யாரு?”

“நம்மாளுதான். நாளைக்கு அங்க பனி விழும். நான் வரத் தாமசமாச்சுன்னா அவளை வெளிய கூட்டியாந்து செருப்பை மாட்டி விடுங்க.”

“நான் எப்படிச் செய்யுறது? உன் ஆளு. எழுத்துமூலமா அதிகாரம் குடு.”

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலானது. பஸ் நகர்ந்தது.

மருத்துவமனையில் நான் எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். காப்பீட்டு அட்டை, முன் அனுமதி, பழைய மருத்துவக் குறிப்புகளின் நகல், ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம். கவுன்டரில் இருந்த பெண், “சார் மாதிரி எல்லாரும் வந்தா எங்களுக்கு வேலையே இல்ல,” என்றாள். கொடுத்த காகிதம் எதுவும் குறை சொல்லித் திரும்பி வரவில்லை. அவள்தான் திரும்பி வரவில்லை.

இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் நானே விண்ணப்பித்து வாங்கினேன். லேப்டாப்பை மட்டும் திறக்கவில்லை. பொங்கல் வந்தது, துக்க வீடு என்று பானை ஏற்றவில்லை. அது கழிந்து ஒரு மதியம், வேறு எதுவும் செய்ய மிச்சமில்லாமல், திறந்தேன். அவள் விட்ட இடத்திலேயே அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். கொடிகளுக்கு நடுவே, வெறுங்காலோடு, முதுகைக் காட்டிக்கொண்டு.

மகளுக்குப் போன் செய்தேன். அம்மா சேமித்தது அழிந்துவிடாமல் விளையாட வழி உண்டா என்று கேட்டேன்.

“இருக்குப்பா. வேற பேர்ல சேவ் பண்ணுங்க. அம்மாவோடது அப்படியே இருக்கும்.” பிறகு, “நீங்களாப்பா விளையாடப் போறீங்க?” என்றாள்.

“உங்கம்மா ஒரு வேலை சொல்லிட்டுப் போயிருக்கா, செருப்பு விசயம்.”

நகல் எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணை வெளியே நடத்தி வந்து பூட்ஸை மாட்டினேன். பனி விழுந்தது. உதவிப் பக்கத்தில் சொன்னபடியே எல்லாம் செய்தேன். விறகை அடுக்கினேன், தானியத்தைப் பங்கிட்டேன், இருட்டுமுன் அவளை அடுப்பருகே உட்கார வைத்தேன். நடுக்குளிரில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. திரையின் மூலையில் ஒரு கோடு சிவந்து குறையத் தொடங்கியது. எந்த மூலிகை, எங்கே கிடைக்கும், எவ்வளவு கொதிக்க வேண்டும், எல்லாம் எழுதியிருந்தது. கொடுத்தேன். கோடு நின்றது. பிறகு ஏறியது. அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

அங்கே முறைப்படி செய்தால் பிழைக்கிறார்கள்.

நான் எழுந்து சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளும் உட்கார்ந்தேன், அதற்கடுத்த நாளும். பனி உருகிக் கொடிகள் துளிர்விட்டன. மகளிடம் போனில் சொன்னேன், அவளும் சந்தோஷப்பட்டாள். எனக்குச் சாப்பாடுகூடக் கொஞ்சம் இறங்கியது. அந்தப் பெண்ணைக் கொடிக்காலுக்கு நடத்திப் போய், காய்ந்த தண்டுகளை வெட்டி, சாய்ந்த கம்புகளை நிமிர்த்தி, வரிசை வரிசையாக முடித்து, அந்தப் பக்கம் வெளியே வந்தேன். அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். பூட்ஸ் மாட்டியிருந்தது.

தோட்டம் முழுவதும் பூட்ஸ் காலோடு நடந்திருக்கிறாள். பெட்டியைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறேன், நினைவே வரவில்லை. திரையில் எதுவும் ஆகவில்லை. கொடி வாடவில்லை, யாரும் கோபிக்கவில்லை. அந்தப் பெண் அடுத்த கட்டளைக்காக நின்றாள். அவள் நின்ற விதம் எனக்குத் தெரிந்த விதம்தான். நிலத்தை ஆய்வு செய்ய வந்த அதிகாரி மாதிரி. ஒரு குளிர்காலம் முழுக்க நான் காப்பாற்றியது யாரை என்று தெரியவில்லை. நிச்சயமாக அவளை இல்லை.

அந்த நகலை அழித்தேன். உறுதியாக அழிக்கவா என்று கேட்டது. ஆம் என்றேன்.

இப்போது மதியம் சாப்பிட்டதும் என் மனைவி சேமித்ததைத் திறக்கிறேன். வெறுங்காலோடு நிற்பவளை மெதுவாக, கொடியில் இடிக்காமல், வெளியே நடத்தி வந்து, பெட்டியைத் திறந்து செருப்பை மாட்டிவிடுகிறேன். சொன்ன வேலை முடிந்தது. மூடப் போகும்போது, பழையதன் மேல் எழுதிச் சேமிக்கவா என்று கேட்கிறது. எழுதினால் அவள் கடைசியாக நிறுத்திய இடம் போய்விடும். வேண்டாம் என்கிறேன்.

போன வாரம் மகள் கேட்டாள். “அம்மா ஆளு எப்படிப்பா இருக்கா? அடுத்த குளிர் வந்திருச்சா?”

“வரலைம்மா.”

“எப்பவோ வந்திருக்கணுமே.”

“அந்த நகலை அழிச்சிட்டேன். தினமும் அம்மா விட்ட இடத்தைத்தான் திறக்குறேன், சேவ் பண்றதில்லை.”

போனில் பெங்களூரின் வாகனச் சத்தம் கேட்டது. பிறகு, “அப்ப இன்னும் வெறுங்காலோடதான் நிக்கிறாளா?” என்றாள்.

“ஆமாம்மா,” என்றேன். “சாப்பிட்டுப் போய் மாட்டிவிடணும்.”