டேஷ்போர்டுக்குள் பூனை

மனைவிக்குக் கோவில்பட்டிக்கு மாற்றல் வந்ததும் தூத்துக்குடி வீட்டைக் காலி செய்தோம். சாமான்கள் லாரியில் போயின. பூனைகள் இரண்டையும் எங்கள் சின்னக் காரில் ஏற்றினோம். ஒன்று கறுப்புத் தாய்ப்பூனை. இன்னொன்று அதன் மகன், செவலை. தாயைவிடப் பெரியவனாக வளர்ந்தும் அதன் மேலேயே ஏறிப் படுக்கிற தடியன்.

"காலைல ஒண்ணும் குடுக்காதிய, வாந்தி எடுக்கும்" என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். நான் கொடுக்கவில்லை. ஆனால் உப்பளங்களைத் தாண்டுமுன்பே பின்சீட்டுக் கூடையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"ரெண்டே ரெண்டு சாளை மீன்தான் வச்சேன். வெறும் வயித்தோட எப்படிக் கூட்டிட்டுப் போக?" என்றாள், கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி. துடைப்பதற்காக மூடியைத் திறந்தாள். தாய் அசையவில்லை. மகன் பாய்ந்து, என் தோளில் ஏறி, முன்பக்கம் குதித்து மறைந்தான்.

ஓரங்கட்டித் தேடினோம். கண்ணாடிகள் ஏற்றியே இருந்தன, கதவுகளும் சாத்தியிருந்தன. ஆனால் ஆளைக் காணவில்லை. ஏசி ஓட்டைப் பக்கமிருந்து மட்டும் "மியாவ்" என்று மெல்லிய குரல் கேட்டது.

எட்டயபுரம் வரை ஊர்ந்து போய் ஒரு மெக்கானிக் கடையில் நிறுத்தினேன். அவர் ஓட்டையில் காதை வைத்துக் கேட்டார்.

"டேஷ்போர்டுக்குள்ளதான் கெடக்கு அண்ணாச்சி. கழத்திரணும்."

"பைய கழத்துங்க, பிள்ளைக்கு அடிபட்றப்போவுது" என்று மனைவி அழாத குறையாகச் சொன்னாள்.

அவர் கையிலிருந்த ஸ்பேனர் நின்றது. "உள்ள பிள்ளையுமா இருக்கு?"

விளக்கிச் சொன்ன பிறகே வேலை தொடங்கியது. டீக்கடையில் நின்றவர்களும் வந்து சூழ்ந்தார்கள். நாய் மாதிரி குரைத்தால் ஓடி வந்துவிடும் என்றார் ஒருவர். மெக்கானிக் குனிந்து ஓட்டைக்குள் உண்மையாகவே குரைத்தார். கூடைக்குள் இருந்த தாய்தான் சீறியது.

டேஷ்போர்டு பாதி கழன்றது. தலையை உள்ளே விட்டவர், "வாலு அம்புட்டுட்டு!" என்று கத்தினார். இழுத்ததும் கறுப்பு ரப்பர் குழாய் ஒன்று கையோடு வந்தது.

அப்போதுதான் டிரைவர் சீட்டின் அடித்துணியிலிருந்த கிழிசலுக்குள்ளிருந்து மகன் வெளியே வந்தான். சோம்பல் முறித்தான். சீட்டில் ஏறி உட்கார்ந்து, நடக்கிற வேலையை அக்கறையாகப் பார்த்தான்.

"நீங்க சொல்லுங்க" என்று மனைவி என்னைக் கிள்ளினாள். நான் தொண்டையைச் செருமினேன்.

மெக்கானிக் தலையை வெளியே எடுத்தார். முகத்துக்கு நேரே பூனை.

"இது வேற பூனையா?"

"இல்ல, அதேதான்."

பூனையையும் கையிலிருந்த குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது. எல்லாவற்றையும் திரும்பப் பொருத்திய பின் ஒரு கை நிறைய ஸ்குரூ மிஞ்சியது. "இது இல்லாமலும் ஓடும் அண்ணாச்சி" என்று என் சட்டைப்பையில் போட்டார்.

மனைவி மகனைத் துண்டில் சுற்றி முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே அவன் கியர் கம்பி மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். அவனை நல்லா ஏச வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் கோவில்பட்டி வரை, பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு முந்திப் போக, மூன்றாவது கியரிலேயே ஓட்டினேன்.