பின்கழனிக் கரும்பு

எண்பதுகளின் நடுவில் எங்கள் சர்க்கரை ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கு நான்தான் பொறுப்பாளர். வில்லியனூர் வட்டாரத்திலேயே ஏ.சி. போட்ட அறை என்னுடையதுதான் என்று பீற்றிக்கொள்வேன். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே வரலாம். நிர்வாக இயக்குநர் மட்டும் வாரம் தவறாமல் கேட்பார்: "இதனால ஆலைக்கு என்ன பிரயோஜனம்? ஒரு வரியில சொல்லுங்க." நான் அச்சடித்த காகிதக் கட்டை நீட்டுவேன். கையில் தூக்கி எடை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் வாயை அடைக்கவே கட்டிங் ஆர்டரில் கை வைத்தேன். யார் கரும்பை எந்த நாளில் வெட்டுவது என்று ஆலை கொடுக்கும் சீட்டு அது. அதுவரை ஊர் ஊராகப் போய்க் கரும்பைக் கவனிக்கும் ஆலை ஊழியர்களான பீல்டுமேன்கள் எழுதினார்கள். வேண்டியவனுக்கு முதலில் எழுதுகிறார்கள் என்று புகார். இனி நட்ட தேதி வரிசைப்படி கம்ப்யூட்டரே போடும், எவனும் அதைத் திருத்தக் கூடாது என்றேன். ஏம்பலம் பீல்டுமேன் ஏதோ சொல்ல வந்தார். "உன் சிபாரிசெல்லாம் இனிமே செல்லாதுபா" என்று அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து ஏம்பலத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கணவர் இல்லை, ஒன்றரை ஏக்கர் கரும்புதான் பிழைப்பு. செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து, காய்ந்த கரும்பு ஒன்றை என் மேசைமேல் போட்டார்.

"வெட்டச் சொன்னீங்க, வெட்டிட்டேன். நாலு நாளா வெயில்ல கெடக்குது. வண்டி வரல."

"வண்டிக்காரனைப் போய்க் கேளுங்கம்மா. இங்க இன்னாத்துக்கு வந்தீங்க?" எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"அவன் இன்னா பண்ணுவான்? பறந்தா வருவான்? நீயே வந்து பாரு தம்பி."

போனேன். அவர் கழனிக்கும் ரோட்டுக்கும் நடுவில் இன்னொருவரின் கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நின்றது. முன்கழனியை வெட்டிய பிறகு, அந்த அடிக்கட்டைமேல்தான் பின்கழனிக்கு வண்டி போகும். காலங்காலமாக அதுதான் அங்கே முறை. முன்கழனிக்காரர் ஒரு மாதம் தள்ளி நட்டிருந்ததால் என் வரிசையில் பின்னால் போய்விட்டார்.

"இதத்தான் சார் அன்னிக்கு சொல்ல வந்தேன்" என்றார் கூட வந்திருந்த பீல்டுமேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. வெட்கமாக இருந்தது.

முன்கழனிக்காரரிடம் கெஞ்சினேன். "என் கரும்புக்கு இன்னும் பருவமே வரலியே சார்" என்றவர், கடைசியில் வண்டி போகும் அகலத்துக்கு மட்டும் வெட்டச் சம்மதித்தார். சைக்கிள் சீட்டில் வைத்துக் கையாலேயே ஆர்டர் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் கரும்பு ஆலைக்கு வந்தது. பாதி காய்ந்த கரும்பு, எடை நிற்குமா? அந்தம்மா எடை மேடையில் முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்த பருவத்துக்குப் பட்டியலில் ஒரு கட்டம் சேர்த்தேன்: வண்டி எந்தக் கழனி வழியாக வரும்? பீல்டுமேன்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, செருப்போடுதான், அவர்கள் சொல்லச் சொல்ல நிரப்பினேன்.

"இப்போ சொல்லுங்க" என்றார் இயக்குநர்.

"வெட்டின கரும்பு காயறதுக்குள்ள ஆலைக்கு வந்துடுது சார்."

முதல்முறையாகத் தலையாட்டினார். அந்தச் சந்தோஷத்தோடு ஏம்பலம் பட்டியலை எடுத்து அந்தம்மாவின் பெயரைத் தேடினேன். இல்லை. இரண்டு முறை தேடிவிட்டு, கம்ப்யூட்டர் மறுபடி சொதப்பிவிட்டதா என்று பீல்டுமேனிடம் எரிந்து விழுந்தேன்.

"மிஷின் சரியாத்தான் சார் இருக்குது" என்றார் அவர். "அந்தம்மா கரும்ப விட்டுட்டாங்க. ஆலைச் சீட்டே வேணாம்னு சவுக்கு வெச்சிட்டாங்க."