சுக்கானுக்குள் இருந்தது

பழைய ஆணிகளை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒரு வாரம் மூடி வைத்துத் திறந்தால் எப்படி நாறுமோ அப்படி ஒரு வாடை, காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டின் கார் நிறுத்துமிடத்திலிருந்து படியேறி, மாடியில் அம்மா தாளிக்கும் கறிவேப்பிலையையும் தாண்டி என் மூக்குக்கு வந்து சேர்ந்தது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. வாடைக்குக் காரணம், கீழ் போர்ஷனில் குடியிருந்த ஜெரோம் அங்கிள் துறைமுகத்திலிருந்து டாட்டா ஏஸில் ஏற்றிவந்து, எங்கள் தூணோடு நிமிர்த்திக் கட்டியிருந்த ஆளுயரச் சுக்கான்.

அங்கிள் கப்பலில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாரோ ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய பாய்மரப் படகை வாங்கி, அதைப் பிள்ளை மாதிரி வளர்த்துக்கொண்டிருந்தார். படகு துறைமுகத்திலேயே கட்டைமேல் நிற்க, அதைத் திருப்புகிற சுக்கான் மட்டும் கழற்றப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. பார்க்கப் பெரிய மீன் துடுப்பு மாதிரி இருக்கும். நடுவில் பளபளக்கும் ஒரு தண்டு, சுற்றிலும் வெள்ளை ஃபைபர், உள்ளே என்ன என்று தெரியாது. அந்தத் 'தெரியாது'தான் எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பொறுக்கவில்லை. பூந்தமல்லியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த அவர், பால்காரர் ஊற்றிய பாலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர். கரண்ட் மீட்டரைக் கணக்கெடுப்பவர் பார்த்துவிட்டுப் போனபிறகு, தானும் ஒருமுறை எட்டிப் பார்ப்பவர்.

அங்கிள் செய்த காரியங்களும் சந்தேகத்தைக் கிளப்புகிற மாதிரிதான் இருந்தன. ஸ்க்ரூடிரைவர் பிடியால் அந்தச் சுக்கான் பலகையை இடம் இடமாகத் தட்டி, காதை வைத்துக் கேட்பார். ஓரிடத்தில் 'டக்' என்றது, இன்னோரிடத்தில் 'தொப்' என்றது. அடியில் இரண்டு ஓட்டைகள் போட்டார். பழுப்புத் தண்ணீர் பெயிண்ட் டப்பாவில் சொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு போர்வையால் முழுக்கப் போர்த்தி, உள்ளே குண்டு பல்புகளை எரியவிட்டார். பெரிய தண்ணீர் என்றால் செம்பரம்பாக்கம் ஏரி மட்டுமே தெரிந்த எங்கள் தெருவுக்கு, இதைப் பார்த்ததும் 'மஞ்சள்' என்றுதான் தோன்றியது. கடத்தல் தங்கத்துக்கு அங்கே அதுதான் பெயர். எதிர்சாரி இஸ்திரிக்காரர், நன்றாகத் தெரியட்டும் என்று வண்டியையே நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"கப்பல்காரன், பாப்பா. உள்ள இன்னாமோ கீது. காய வெக்கிறேன்னு கத உட்டுக்கினு கீறான்" என்றார் அத்தா.

கிண்ணம் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் அம்மா என்னை அனுப்பினார். எனக்கும் அரிப்பு தாங்கவில்லை, நேராகவே கேட்டுவிட்டேன்.

"உள்ள நுரைம்மா, கெட்டியா, தெர்மாகோல் கணக்கா" என்றார் அங்கிள். "அதுக்குள்ள எவர்சில்வர்ல மூணு கை, இந்தத் தண்டோட வெல்டு அடிச்சிருக்கும். தண்டு திரும்புனா பலகையும் திரும்பும். தண்ணி பூந்துகிச்சு, காஞ்சதும் ஓட்டைய அடச்சி பெயிண்ட் அடிச்சா முடிஞ்சுது. ஞாயித்துக்கெழம நானும் ரோஸியும் பழவேற்காடு பக்கம் ஒரு ரவுண்டு."

ஓடிப்போய் ஒப்பித்தேன். அத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"எவர்சில்வரா? நானும்தான் கடைல விக்கிறேன். எவர்சில்வர்லேந்து எப்டி துருத் தண்ணி வரும்? ஒண்ணு அவன் பொய் சொல்றான், இல்லாங்காட்டி அந்த இரும்பு பொய் சொல்லுது."

கையைக் கழுவிக்கொண்டு இறங்கினார். "ஜெரோமு, அத்தத் தொற. இல்லன்னா ஊட்டக் காலி பண்ணு."

அங்கிளின் முகம் செத்துவிட்டது. வெட்டினால் மறுபடி கட்டி முடிப்பதற்குள் வடகிழக்கு மழைக்காற்று தொடங்கிவிடும், பொங்கல் வரை படகை இறக்க முடியாது. வெட்டாவிட்டால் இத்தனை வருடம் இருந்த வீடு போய்விடும். கதவருகே வந்து நின்ற அவர் மனைவி ரோஸி ஆன்ட்டிதான் பேசினார்: "இன்னா பாய், உள்ள உங்க பங்கு எதுனா கீதா?" தெரு சிரித்தது. அத்தா சிரிக்கவில்லை.

கோபத்தில்தான் அங்கிள் கிரைண்டரை எடுத்தார். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு விளிம்போடு அறுத்தார். வெள்ளைத் தூள் பறந்து அத்தாவின் ஸ்கூட்டரை மூடியது. ஒரு பக்கத்து ஃபைபரை நெம்பித் தூக்கியதும், டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி பழுப்பு நுரை. அங்கிள் அதை வழித்து வழித்துப் போட்டார். கீழ்க்கை தண்டோடு ஒட்டவே இல்லை. நுரைக்குள் தனியாகக் கிடந்தது. நடுக்கையை விரலால் தொட்டார், பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. மிச்சம் மேல்கை ஒன்றுதான். வெளியே தெரிந்த தண்டு மட்டும் கண்ணாடி போல மின்னியது.

ரோஸி ஆன்ட்டி சிலுவை போட்டுக்கொண்டார்.

"நடுக்கடல்ல அதுவும் உட்டுருந்தா, நான் சக்கரத்தத் திருப்பிக்கினே இருந்திருப்பேன் பாய். படகு அது பாட்டுக்குப் போயிருக்கும்" என்றார் அங்கிள்.

"அந்த மூலையையும் சொரண்டு, ஜெரோமு" என்றார் அத்தா, கையில் ஸ்க்ரூடிரைவரோடு குனிந்தபடி.

காற்றுப் படாமல் ஈரத்திலேயே அடைந்து கிடந்தால் எவர்சில்வரும் வெல்டு வைத்த இடத்தில் அரித்துப்போகும் என்று அங்கிள் பிறகு விளக்கினார். அம்பத்தூர் எஸ்டேட்டில் புதுக் கைகளை வெல்டு அடிக்கப் போனபோது அத்தாவும் கூடப் போய், அந்த வெல்டரையும் நம்பாமல், ஒவ்வொரு கைக்கும் இரண்டு பக்கமும் பத்தவைக்கச் சொல்லிச் சண்டை போட்டுவிட்டு வந்தார். புது நுரை, புது ஃபைபர் துணி, ரெசின். தண்டு பலகைக்குள் நுழைகிற இடத்தில், அதாவது தண்ணீர் உள்ளே புகுந்த வழியில், ரப்பர் மாதிரி ஒரு பசை. வீட்டைக் காலி செய்கிற பேச்சை யாரும் மறுபடி எடுக்கவில்லை. அத்தா மன்னிப்பும் கேட்கவில்லை. பொங்கல் கழிந்து அவர்கள் இருவரும் பழவேற்காடு பக்கம் போய்ப் பத்திரமாகத் திரும்பினார்கள்.

அங்கிளும் ஆன்ட்டியும் மகள் வீட்டுக்குக் குடிபோய்ச் சில வருடங்களாகின்றன. சுக்கான் நின்ற இடத்தில் இப்போது டைல்ஸ், இரண்டு கார்கள், மூலைக்கு ஒரு கேமரா. கீழ் போர்ஷனில் இருக்கும் இளம் தம்பதியின் பெயர் எனக்குச் சரியாகத் தெரியாது. போன மாதம் அவர்களுக்கு ஆளுயர அட்டைப்பெட்டி ஒன்று வந்து இறங்கியது. அத்தா மாடியில் உட்கார்ந்து, கேமரா வழியே அதைத் தன் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாவா இருக்கும்?"

"எறங்கிப் போய்க் கேளுங்களேன் அத்தா."

"நமக்கு எதுக்கு வம்பு?" என்றவர், இரண்டு விரலால் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார்.