ஒரு நாள் முந்திப்போன என் கல்யாண நாள்

அமெரிக்காவிலுள்ள மருமகன் குடும்ப விசேஷங்களுக்கென்று ஒரு வெப்சைட் எழுதியிருக்கிறார். என் கல்யாணத் தேதியைத் தென்காசியில் என்னிடம் கேட்டுத்தான் பதிந்தார். அமெரிக்கா திரும்பியதும் ஒரு நாள் முந்தி வாழ்த்தினார்.

"நாளைக்குல்லா மாப்பிள்ளை. குற்றாலத்துல தண்ணி கூடி, அருவிப் பக்கமே விடாம, உங்க மாமா வீட்டு ஆளுக குளிக்காம தாலி கட்ட வந்த நாளு. எனக்கா மறக்கும்?"

"அத்தைக்கு மறதி வந்துட்டு" என்று குடும்ப குரூப்பில் போட்டார்.

அதையும் நான் மறக்கவில்லை.

இன்று போன் வந்தது.

"தப்பு நான் எழுதுன புரோகிராம்லதான் அத்தை. தேதியோட நம்மூரு நடுராத்திரி நேரமும் பதிஞ்சிட்டு. அந்நேரம் இங்க முந்தின நாளு. அதான் அப்படிக் காட்டிட்டு. இப்ப நேரத்தை எடுத்துட்டு தேதியை மட்டும் வச்சிட்டேன்."

"சந்தோஷம் மாப்பிள்ளை. இதையும் அந்தக் குரூப்புலயே போட்டுருங்க."

போட்டுவிட்டார்.

அன்று சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் ஒருவரும் இன்னும் வாய் திறக்கவில்லை. நானே குரூப்பில் கேட்டேன்: "உங்க ஊருல இன்னும் நேத்துதானா?"