நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய சாவி

வெயில் காலம் முழுக்க அம்மா வாயில் ஒரு துண்டு புளியை அடக்கிக்கொண்டுதான் வேலை செய்வாள். எங்கள் யார்டில் கூட்டும் பெண்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. நாக்குக்குப் புளிப்பு கேட்கிறது என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

மணலிச் சாலையில் இருக்கிறது அந்தக் கன்டெய்னர் யார்டு. துறைமுகத்திலிருந்து திரும்பி வரும் காலிப் பெட்டிகளுக்குள் ஏறி, பெருக்கி, கழுவி, பழைய ஸ்டிக்கர்களைச் சுரண்டி எடுப்பது அம்மாவின் வேலை. கத்திரி வெயிலில் அந்தப் பெட்டி இட்லிப் பானைதான். அதே யார்டின் அலுவலகத்தில், ஏசி அறையில், வந்து போகும் பெட்டிகளின் எண்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கியதும் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு எப்போதும் கூச்சம் இருந்ததில்லை. சடையங்குப்பத்திலிருந்து இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வருவோம். கேட்டைத் தாண்டியதும் அம்மா என்னை "மேடம்" என்று கூப்பிடுவாள். அதில் பாதி கேலி, பாதி பெருமை.

இந்த வருஷம் சித்திரை பிறந்ததுமே வெயில் ஆளை அடித்துப் போட ஆரம்பித்தது. தினமும் காலையில் கைபேசியில் எச்சரிக்கை வந்தது. ஊழியர்களுக்கு ஒரு நோட்டீஸ் எழுதச் சொன்னார் மேனேஜர். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள். தலை சுற்றினால் உடனே நிழலுக்கு வந்துவிடுங்கள். இடி இடித்தால் திறந்த வெளியிலோ லாரிக்கு அடியிலோ நிற்காதீர்கள், கட்டடத்துக்குள் வந்துவிடுங்கள். மேனேஜர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். தார்பாய் நிழலில் ஒரு தண்ணீர் கேனை வைக்கச் சொல்லி, நோட்டீஸை அதற்கு மேலே நானே ஒட்டினேன்.

"இன்னா மேடம், எயுத்து கோலம் போட்டாப்ல கீது" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. அவளும் அம்மாவோடு கூட்டுகிறவள். "அப்புடியே மோருக்கும் ஒரு நோட்டீஸு ஒட்டிடு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான்.

ஆனால் கேனில் தண்ணீர் குறையவில்லை. மாலையில் போய்ப் பார்த்தால் லாரி டிரைவர்கள் குடித்தது போக அப்படியே நிற்கும். மூன்றாம் நாள் வீட்டில் அம்மாவிடம் கத்திவிட்டேன். இவ்வளவு படித்து எழுதி வைத்தும் கேட்காவிட்டால் எதற்குத்தான் படித்தேன் என்றேன். அம்மா ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி கண்ணு. குடிக்கிறேன். நீ துன்னு, படு" என்றாள்.

அடுத்த வாரம், மதியம் மூன்று மணிக்கு மேல், அத்தை அலுவலகக் கதவைக் கையால் அறைந்தாள். "உங்கம்மா பொட்டிக்குள்ள வியுந்துட்டா, ஓடியா!"

அம்மாவை நான்கு பெண்கள் வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். உடம்பு கொதித்தது. கண் திறந்திருந்தும் என்னை அடையாளம் தெரியவில்லை. தண்ணீரை ஊற்றி நனைத்தபடியே ஆட்டோவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். குளுக்கோஸ் ஏற்றி, ஈரத் துணியால் மூடி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் அம்மா என்னைப் பார்த்து "மேடம்" என்றாள்.

நர்ஸ் கேட்டாள்: "கடைசியா எப்போ யூரின் போனீங்க?"

"காலீல. வூட்டாண்ட."

"அதுக்கப்புறம்?"

அம்மா சுவரைப் பார்த்தாள். அத்தைதான் பதில் சொன்னாள். "இன்னாம்மா கேக்குற? அங்க கீறது டிரைவருங்க கக்கூஸு ஒண்ணுதான். கலீஜு. தாப்பா கூட கெடையாது. தண்ணி குட்சா எங்க போறது? அதான் தாகம் தெரியாம இருக்க புளிய வாயில போட்டுகினு ஓட்டுறோம்."

அலுவலகத்தில் பெண்கள் கழிப்பறை ஒன்று உண்டு. அதற்குப் போவது நான் ஒருத்திதான். சாவி என் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். இரண்டு வருஷமாக அதன் அடியில் உட்கார்ந்துகொண்டுதான் நான் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் மேனேஜரிடம் கேட்டேன். "மேலிடத்துல பேசிப் பார்க்கலாம்மா" என்றார். இன்னும் இரண்டு முறை கேட்டேன். அதே பதில். மூன்றாவது முறை என் குரல் எனக்கே அலுத்துவிட்டது. சாவியை எடுத்து நானே கொடுத்திருக்கலாம். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். மூன்று நாள் வெயிலில் போகாதே என்று நர்ஸ் சொல்லியிருந்தும், வராத நாளுக்குக் கூலி இல்லை என்று அம்மா ஒரே நாளில் திரும்பி வந்தாள், வாயில் புளியோடு. நான் எண்களை ஏற்றிக்கொண்டு, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியாக அவள் நடமாடுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை பிற்பகல் வானம் கறுத்தது. புழுதிக்காற்றில் தார்பாய் பிய்ந்து பறந்தது. கிரேன்காரர் அவசரமாக இறங்கி ஓடினார். பெண்கள் வழக்கம்போல டிரெய்லர் லாரிகளுக்கு அடியில் ஒதுங்கப் போனார்கள். அருகிலேயே எங்கோ இடி விழுந்து ஜன்னல் அதிர்ந்தது.

நான் கதவைத் திறந்து கத்தினேன். "எல்லாரும் உள்ள வாங்க!"

யாரும் அசையவில்லை. அம்மாதான் முதலில் ஓடி வந்தாள். பின்னாலேயே மற்றவர்கள். பதினோரு பெண்கள், நனைந்த புடவையோடு, ஏசியில் நடுங்கிக்கொண்டு, தரையெல்லாம் சேறாக்கிக்கொண்டு நின்றார்கள்.

"ஏம்மா, இது என்ன கல்யாண மண்டபமா?" என்றார் மேனேஜர்.

"நோட்டீஸ்ல கட்டடத்துக்குள்ள வரச் சொல்லியிருக்கு சார். நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். மறுபடி இடித்தது. உட்கார்ந்துவிட்டார்.

நான் ஆணியிலிருந்து சாவியை எடுத்து அம்மாவின் கையில் வைத்தேன். அம்மா என்னைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள், போனாள். அவள் வந்ததும் அத்தை போனாள். "வூட்ல மழத்தண்ணி ஏறிகினு இருக்கும், இங்க நாம கியூவுல நிக்கிறோம்" என்று யாரோ சொன்னார்கள். மழை விடும்வரை அந்த வரிசை நின்றது.

மறுநாள் காலை மேனேஜர் வெறும் ஆணியைப் பார்த்தார்.

"சாவி எங்கம்மா?"

"தண்ணி கேன் பக்கத்துல கயிறு கட்டி மாட்டியிருக்கேன் சார்."

அவர் ஜன்னல் வழியாகக் கேன் பக்கம் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். நாளைக்கு ஏதாவது சொல்லக்கூடும். அதற்கு என்ன பதில் சொல்வதென்று நான் இன்னும் யோசிக்கவில்லை. யோசிக்கத் தெம்பில்லை.

பதினோரு மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மா புளியைத் துப்பிவிட்டு ஒரு டம்ளர் பிடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள். இன்னொன்று பிடித்தாள்.

"அடியே, இன்னா லாரிக்கு டீசலு ஊத்துறாப்ல ஊத்திகினு கீற? எங்களுக்கும் வையி" என்ற அத்தையின் குரல் கண்ணாடியைத் தாண்டி எனக்குக் கேட்டது.

மதியத்துக்குள் கேன் காலி. அடுத்த கேனைத் தூக்கி வைக்க நானே எழுந்து போனேன். கத்திரி முடிய இன்னும் பல நாள் இருந்தது.