வேலம்மாவைக் கழிக்காத கணக்கு

வேலம்மா வீட்டுக்குத் திரும்பும் முடக்கில் ஷெரோமி இரண்டு தரம் ஹோன் அடித்தார். மாத்தளைப் பக்கம் இவர் ஒரு காப்புறுதி முகவர். எந்த வீட்டுக்கும் சொல்லாமல் போய் நிற்கமாட்டார். தவணை கட்ட வசதியில்லாதவர்கள் ஒளிந்துகொள்ள அவகாசம் வேண்டுமாம். வேலம்மா ஒளியவில்லை.

"மொளகு இன்னும் காயல மிஸ். வித்ததும் கட்டிர்றேன்."

"கட்டலாம், கட்டலாம். மொதல்ல ஒரு பிளேன்டீ ஊத்துங்க."

வேலம்மாவின் காப்புறுதி போன வருடமே நின்றுவிட்டது. ஆரம்பித்த வருடத்திலேயே நின்றால், முகவருக்குக் கொடுத்த கொமிஷனைக் கம்பனி திருப்பி வாங்கிக்கொள்ளும். ஷெரோமி அதையும் கொடுத்துவிட்டார். ஆனாலும் மாதம் தவறாமல் சொந்தப் பெற்றோலில் இங்கே வருகிறார். ஸ்கூட்டி சீட்டுக்கடியில் மழைக்கோட்டு, ஜெபமாலை, தோட்டத்துப் பாதைக்கென்று ஒரு பழைய சப்பாத்து. பின்னால் உட்கார்ந்து வந்த என்னையும் விடவில்லை. "நீங்களும் ஒரு காப்புறுதி போடுங்களேன். யோசிங்க, ரொம்ப யோசிக்காதீங்க."

அங்கிருந்து டவுனில் வரிக்கணக்குச் செய்யும் ரஜீவிடம் போனோம். அவருக்கு ஷெரோமிமேல் பழைய கோபம். கிடைத்த கொமிஷன் முழுவதையும் வருமானமாகக் காட்டுபவர், திருப்பிக் கொடுத்ததைக் கழிக்கவே விடுவதில்லை. கையில் இல்லாத பணத்துக்கு வரி கட்டுகிறார். இந்த முறை அந்த வரி, மகள் ஷெனாலியின் தாதியர் படிப்புக்கு வைத்திருக்கும் பணத்தில் கைவைக்கும்.

"கம்பனிக் கடிதம் இருக்குதானேக்கா. திருப்பிக் குடுத்தத எழுதுங்க."

"எழுதினா வேலம்மா அவ்வளவுதான்னு ஆயிரும் தம்பி. பொறகு அந்தப் பக்கம் போக எனக்கு மனசு வராது."

எனக்கு எரிச்சலாக வந்தது. மனசுக்கெல்லாம் இறைவரித் திணைக்களம் கழிவு கொடுக்குமா? ரஜீவ் பொறுமையாகச் சொன்னார். "போன வருசக் கணக்குல கழிப்போம். அவங்க மறுபடி கட்டி கொமிஷன் வந்தா, வர்ற வருசத்து வருமானத்துல சேத்துக்குவோம். கழிச்சா கதவ சாத்தினதா ஆகாதுக்கா."

"அப்பிடிச் சேக்கலாமா?"

"சேக்கத்தான் வேணும்."

ஷெரோமி கணக்குக் கொப்பியை இழுத்து, திருப்பிக் கொடுத்த கொமிஷனுக்குக் கீழே வேலம்மாவின் பெயரை எழுதினார். ஷெனாலியின் பணம் தப்பியது. நான் எழும்பப் பார்த்தேன். அவர் எழும்பவில்லை. புதுப் பக்கம் ஒன்றைப் புரட்டி, மேலே 'வருமானம்' என்று போட்டு, முதல் வரியில் 'வேலம்மா' என்று எழுதி, தொகைக்கு இடம் விட்டார்.